விண்டோஸ்: ரீசெட் போதுமா, பென்டிரைவிலிருந்து புதிதாகப் போடணுமா?

லேப்டாப் இழுக்கிறது என்றதும் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். முதலில் டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ சாஃப்ட்வேரில் பாருங்கள். மஞ்சளில் 'காஷன்' வந்தால் கோளாறு டிஸ்க்கில். எத்தனை முறை ஓஎஸ் போட்டாலும் வீண்.

செலவு
ரீசெட் (விண்டோஸுக்குள்ளிருந்தே அதைத் திரும்பப் போடுவது): காசில்லை. விண்டோஸை நெட்டில் இறக்கிப் போடும் 'கிளவுட் டவுன்லோட்' என்றால் சுமார் 4 ஜிபி டேட்டா.
பென்டிரைவ்: 8 ஜிபி போதும். அதிலுள்ளது அழிந்துவிடும்.

ஃபைல்கள்
ரீசெட்: 'கீப் மை ஃபைல்ஸ்' கொடுத்தால் போட்டோக்கள் தங்கும். டேலி மாதிரி நாமே போட்ட சாஃப்ட்வேர் போய்விடும்.
பென்டிரைவ்: பார்ட்டிஷனை (டிஸ்க்கின் பகுதியை) டெலீட் செய்தால் அதிலுள்ள எல்லாம் காலி.

சிக்கல்
ரீசெட்: சிஸ்டம் ஃபைல்கள் ரொம்பக் கெட்டிருந்தால் பாதியில் நின்று பழைய நிலைக்கே திரும்பும்.
பென்டிரைவ்: பல இன்டெல் லேப்டாப்களில் டிஸ்க்கே பட்டியலில் தெரியாது. பயந்துவிட வேண்டாம், டிஸ்க்கை விண்டோஸுக்குக் காட்டும் இன்டெலின் ஆர்எஸ்டி டிரைவர் இல்லாததுதான் பெரும்பாலும் காரணம். அதை லேப்டாப் தயாரிப்பாளர் தளத்தில் இறக்கி, ஜிப்பைப் பிரித்து, அதே பென்டிரைவில் வைத்து 'லோட் டிரைவர்' கொடுங்கள். வைஃபை டிரைவரையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

வெறும் மந்தம், அப்டேட் குளறுபடி என்றால் ரீசெட். வைரஸ் புகுந்திருந்தாலோ, பழைய லேப்டாப் வாங்கியிருந்தாலோ பென்டிரைவ்தான். எதுவானாலும் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க ரெகவரி கீயை முன்பே எழுதி வையுங்கள். மதர்போர்டும் விண்டோஸ் எடிஷனும் (ஹோம், ப்ரோ) மாறாவிட்டால் லைசென்ஸ் பொதுவாகத் தானே ஆக்டிவேட் ஆகிவிடும்.