டர்பனில் புபுசா சாப்பிட்ட கதை

டர்பனின் கிளென்வுட் பகுதியில் இந்தக் கடையைக் கண்டுபிடிக்க இரண்டு சுற்று சுற்றினேன், பெயர்ப்பலகையே கிடையாது, ஜன்னலில் ஒரு அட்டையில் 'புபுசா' என்று கையால் எழுதி ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். உள்ளே ஐந்து மேஜை. அம்மா அடுப்படியில், அப்பா கல்லாவில், மகள் பரிமாறுகிறாள். மத்திய அமெரிக்காவின் எல் சால்வடோர் நாட்டுக் குடும்பம்.

புபுசா கிட்டத்தட்ட நம் போளி மாதிரிதான், ஆனால் இனிப்பு இல்லை, மக்காச்சோள மாவுக்குள் சீஸோ மசித்த பீன்ஸோ பன்றி இறைச்சியோ பூரணமாக இருக்கும். இங்கே கிடைக்கிற மீலி என்ற மக்காச்சோள மாவில் நானும் வீட்டில் தட்டிப் பார்த்து, எல்லாம் விண்டு விண்டு போய், கடைசியில் அதையே பாப் என்கிற களியாகக் கிண்டிச் சாப்பிட்டவன். விஷயம் சுண்ணாம்பில் இருக்கிறது. மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ஊறவிட்டு, தோல் போகக் கழுவி அரைத்தால்தான் மாவு ஒட்டும். பாட்டி வெற்றிலையில் தடவுவாளே, அதே சுண்ணாம்புதான்!

அடுப்படி தெரிகிற மேஜையாகப் பார்த்து உட்காருங்கள். கையை நனைத்துக்கொண்டு உருண்டை பிடித்து, கொழுக்கட்டைக்குச் சொப்பு செய்வது போல் குழித்து, பூரணத்தை வைத்து மூடி, இரு உள்ளங்கையிலும் மாற்றி மாற்றித் தட்டிக் கல்லில் போடுகிறார் அந்த அம்மா. ஓரத்தில் சீஸ் கசிந்து முறுகலாகிறது பாருங்கள், அதற்காகவே இன்னும் ஒன்று சொன்னேன். பீன்ஸ் புபுசாவில் நம் ஊர் சுகர் பீன்ஸைத்தான் போடுகிறார்கள், அதுவும் நன்றாகவே சேர்கிறது. லொரோக்கோ என்ற பூமொட்டு சேர்த்தால்தான் அசல் ருசி, இங்கே கிடைக்காததால் கீரை வைக்கிறோம் என்று மகளே சொல்லிவிட்டாள். சுவரில் உள்ள காலண்டரில் நவம்பர் இரண்டாவது ஞாயிறுக்கு வட்டம் போட்டிருந்தது, கேட்டால் அவர்கள் நாட்டில் அன்று புபுசா தினமாம், 2005-இல் அதைத் தேசிய உணவாகவே அறிவித்துவிட்டார்களாம்.

தொட்டுக்கொள்ள வினிகரில் ஊறிய முட்டைக்கோஸை ஜாடியோடு வைத்துவிடுகிறார்கள். தக்காளிச் சாற்றில்தான் காரம் என்பதே இல்லை. கூட வந்த, டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதி அக்கா ஒரு வாய் தின்றுவிட்டுக் கைப்பையிலிருந்து மாங்காய் அச்சார் பாட்டிலை எடுத்தார். எனக்கு மானம் போயிற்று, ஆனாலும் நானும் கொஞ்சம் வாங்கிக்கொண்டேன். என் மனைவி முள்கரண்டியைத் தேடினாள், கையால் சாப்பிடம்மா என்று அந்த அம்மா அடுப்படியிலிருந்தே ஜாடை காட்டினார்.

குறை இல்லாமல் இல்லை. ஒவ்வொன்றாகத் தட்டுவதால் ஐம்பது நிமிடம் காத்திருந்தோம், பிள்ளைகளோடு பசியோடு போனால் சண்டைதான் வரும். வாழைக்காய் வறுவல் எண்ணெயில் மிதந்தது, ஓர்ச்சாத்தா பானம் திகட்டுகிற இனிப்பு. புரட்டாசி விரதக்காரர்கள் முதலிலேயே சொல்லிவிடுங்கள், பீன்ஸைப் பன்றிக் கொழுப்பில்தான் தாளிப்பார்கள், கேட்டால் எண்ணெயில் செய்து தருகிறார்கள், ஆனால் கல் ஒன்றுதான். ஒரு புபுசா 45 ராண்ட், இரண்டு தின்றால் வயிறு நிறையும். அப்புறம், நான் போன இரண்டு முறையும் கார்டு மெஷின் வேலை செய்யவில்லை, ரொக்கமாக எடுத்துக்கொண்டு போங்கள்.