டேப் மேல் லேபிள் இருக்கிறதே என்று நம்பாதீர்கள்: மண்டபத்திலிருந்து ஓர் எச்சரிக்கை

மண்டபத்தில் நண்டு, இறால் வாங்கி ஏற்றுமதிக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் பொறுப்பு என்னுடையது. எங்கள் சர்வரை டேப்பில், அதாவது காந்த நாடாவில், பேக்அப் எடுக்க வருடாந்திர ஒப்பந்தம் போட்ட சர்வீஸ் பார்ட்டி எங்களை ஏமாற்றிய கதை இது. அவர்களுடைய ஆட்கள் இப்போது கீழக்கரை, பரமக்குடிப் பக்கம் கொட்டேஷன் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

சர்வரின் டிஸ்க்கில் மூன்று வால்யூம், அதாவது மூன்று தனிப் பகுதி: படகுக் கணக்கு, ஏற்றுமதி ஆவணங்கள், கேமரா பதிவு. வாராவாரம் மூன்றையும் எல்டிஓ-6 ரக டேப் ஒன்றிலேயே எழுத வேண்டும். 2.5 டெராபைட் கொள்ளும், எங்களுக்குத் தாராளம். ஒவ்வொரு டேப்பிலும் வால்யூம் பெயர், தேதி, பார்கோடு எல்லாம் அச்சடித்து ஒட்டியிருப்பார்கள். தடைக்காலத்தில் படகெல்லாம் கரையில் கிடக்கும்போது, "ஒரு ஃபைலையாவது திருப்பி எடுத்துக் காட்டுங்க தம்பி" என்று சர்வீஸ் ஆளிடம் கேட்டேன். "ரிப்போர்ட்ல சக்ஸஸ்னு வருதே சார், அப்புறம் என்ன?" என்றார். ரெஸ்டோர் சோதனைக்குத் தனிக் கட்டணமாம். முதலாளி வேண்டாமென்றுவிட்டார்.

2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதே, அன்று எங்கள் ஆபீஸிலும் தண்ணீர் புகுந்து சர்வர் போய்விட்டது. புது சர்வரில் டேப்பைப் போட்டால் கேமரா பதிவு மட்டும் வருகிறது. இருந்த டேப் அத்தனையிலும் அதே கதை. எந்தப் படகுக்கு எவ்வளவு முன்பணம் கொடுத்தோம் என்ற கணக்கே இல்லை.

காரணம் அவர்களுடைய ஸ்கிரிப்டில், அதாவது பேக்அப்பை ஓட்டும் கட்டளைகளில், இருந்தது. லினக்ஸில் ஒரே டேப் டிரைவுக்கு இரண்டு பெயர் உண்டு. எஸ்டி0 என்று எழுதினால் வேலை முடிந்ததும் டேப் ஆரம்பத்துக்கே சுற்றிவிடும். என்எஸ்டி0 என்றால் விட்ட இடத்திலேயே நிற்கும். இவர்கள் போட்டது முதலாவது. அதனால் ஒவ்வொரு வால்யூமும் டேப்பின் ஆரம்பத்திலிருந்தே எழுதப்பட்டது: படகுக் கணக்கின் மேல் ஏற்றுமதி ஆவணம், அதன் மேல் கேமரா பதிவு. ஒவ்வொரு தடவை எழுதியதும் உண்மையிலேயே சக்ஸஸ்தான்! புதிதாக எழுதி முடித்த இடத்தில் டிரைவ் ஒரு முடிவுக் குறி வைக்கும், அதைத் தாண்டி அது படிக்காது.

கேட்டால், "கடல் காத்து சார், உப்பு டேப்பை அரிச்சிருச்சு" என்கிறார்கள். உப்பு என்ன, படகுக் கணக்கைத் தேடித் தின்றுவிட்டு கேமரா பதிவை விட்டுவைக்குமா?

முன்பு சென்னையில் மெயின்ஃப்ரேம் என்ற பெரிய கம்ப்யூட்டர் இருந்த ஓர் அறையில் வேலை பார்த்தவன் நான். அங்கே லேபிள் டேப்புக்குள்ளேயே இருக்கும். தொடக்கத்தில் விஓஎல்1 என்ற 80 எழுத்துப் பதிவு, அதில் ஆறு எழுத்து டேப் எண். அடுத்து ஹெச்டிஆர்1, அதில் ஃபைல் பெயர், காலாவதித் தேதி. வேறு டேப்பை மாட்டினால் சிஸ்டம் ஏற்காமல் சரியானதைக் கேட்கும். காலாவதி ஆகாத ஃபைல் மேல் எழுதப் போனால் ஆபரேட்டரிடம் அனுமதி கேட்டு நிற்கும். எங்கள் டேப்பில் அப்படி எதுவும் கிடையாது, ஸ்டிக்கர் மட்டும்தான்.

ஒப்பந்தம் போடுமுன் ரெஸ்டோர் சோதனையை அதே தொகைக்குள் எழுதி வாங்குங்கள். முதல் வால்யூமிலிருந்து ஒரு ஃபைலை உங்கள் கண்முன் எடுக்கச் சொல்லுங்கள். கடைசி வால்யூமைக் காட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள், அது எப்போதும் வரும். கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். பதிலுக்கு, டேட்டா மீட்புக்கென்று ஒரு புதுக் கொட்டேஷன் வந்திருக்கிறது.