பட்டன் போன், மலிவு ஸ்மார்ட்போன், செகண்ட் ஹேண்ட் போன்: பத்தாயிரத்துக்குள் எது தேறும்?

வீட்டில் இன்னும் பட்டன் போன் வைத்திருக்கிற ஒருவருக்கு அடுத்த போன் வாங்க வேண்டும், கையில் பத்தாயிரத்துக்குள் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்று வழி உண்டு. ஆயிரம் ரூபாய் சுமாருக்கு ஒரு 4ஜி பட்டன் போன். எட்டு, ஒன்பதாயிரத்துக்குப் பெட்டி பிரிக்காத புது ஆண்ட்ராய்டு. அதே காசுக்கு, இரண்டு மூன்று வருஷம் முன்னால் இருபதாயிரத்துக்குப் போன ஒரு நல்ல மாடல், செகண்ட் ஹேண்டில். இந்தியாவில் மட்டுமில்லை, கென்யா, நைஜீரியா வரைக்கும் போன் வியாபாரம் எந்தப் பக்கம் சாயும் என்பது இந்த மூன்றுக்கும் நடக்கிற போட்டியில்தான் இருக்கிறது. டவர் ஒரு பிரச்சினையாக இருந்த காலம் போய்விட்டது. மொபைல் கம்பெனிகளின் உலகச் சங்கமான ஜிஎஸ்எம்ஏ கணக்கில் உலகத்தில் மொபைல் இன்டர்நெட் சிக்னலே எட்டாத மக்கள் 4 சதவீதம்தான். சிக்னல் வீட்டு வாசல்வரை வந்தும் பயன்படுத்தாமல் இருப்பவர்கள் 300 கோடிப் பேருக்கு மேல்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றில் மோசமான பேரம், விளம்பரம் அதிகம் வருகிற அந்தப் புது மலிவு ஆண்ட்ராய்டுதான்.

விலையைக் குறைத்துவிட்டால் ஊரெல்லாம் ஸ்மார்ட்போன் வந்துவிடும் என்று நம்பிப் பலர் கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள். 2014-இல் இன்டெக்ஸ் கம்பெனி ஆண்ட்ராய்டுக்குப் பதில் ஃபயர்ஃபாக்ஸ் ஓஎஸ் என்ற இயங்குதளம் போட்டு 1,999 ரூபாய்க்கு ஒரு போன் விட்டது, ராம் என்கிற வேலை மெமரி 128 எம்பிதான். அதே வருஷம் கூகுள், மைக்ரோமேக்ஸ், கார்பன், ஸ்பைஸ் மூன்றையும் சேர்த்துக்கொண்டு ஆண்ட்ராய்டு ஒன் என்று 6,399 ரூபாயில் ஆரம்பித்தது. 2016 பிப்ரவரியில் 251 ரூபாய்க்கு ஸ்மார்ட்போன் தருகிறோம் என்று ஒரு கம்பெனி கிளம்பி, அவர்கள் வெப்சைட்டே படுத்துவிடுகிற அளவுக்குக் கூட்டம் கூடியது ஞாபகம் இருக்கும் (அதில் காசு கட்டியவர்களிடம் மட்டும் அதைப் பற்றிக் கேட்காதீர்கள்). 2021 தீபாவளிக்கு ஜியோவும் கூகுளும் சேர்ந்து ஜியோபோன் நெக்ஸ்ட்டை 6,499 ரூபாய்க்கு இறக்கின. தவணையில் வேண்டுமென்றால் முதலில் 1,999 ரூபாய், அதற்கு மேல் 501 ரூபாய் கட்டணம். பேசப்பட்ட அளவுக்கு அது ஓடவில்லை. அத்தனை பெரிய இரண்டு கம்பெனிகள் மானத்தைப் பணயம் வைத்தும் ஆறாயிரத்துக்குக் கீழே உருப்படியான புது ஸ்மார்ட்போன் ஒன்றைத் தர முடியவில்லை என்பதை அப்போதே கவனித்திருக்க வேண்டும். இப்போது நிலைமை இன்னும் இறுக்கம். 2025 கடைசியில் ஏஐ சர்வர்களுக்காக மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்று ராம் விலை ஏறியது. லட்ச ரூபாய் போனில் அது பெரிதாகத் தெரியாது, எட்டாயிரம் ரூபாய் போனில் லாபத்தையே தின்றுவிடும்.

சரி, பட்டன் போன் பக்கம் வருவோம். இதைக் கிழவிகள் சமாச்சாரம் என்று ஒதுக்குகிறவர்கள் கணக்குப் பார்க்காதவர்கள். 2023 ஜூலையில் ஜியோ பாரத் 999 ரூபாய்க்கு வந்தபோது, நாட்டில் இன்னும் 25 கோடிப் பேர் 2ஜியில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஜியோவே சொன்னது. அதற்கான பிளான் 28 நாளைக்கு 123 ரூபாய். வருஷத்துக்கு 12 மாசம், ஆனால் ரீசார்ஜ் 13 தடவை, இந்த 28 நாள் சூட்சுமம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். 13 தடவைக்கு 1,599 ரூபாய். ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர் ஜியோவில் தினம் ஒன்றரை ஜிபி பிளான் போட்டால், 2024 ஜூலையில் கட்டணம் ஏறியதற்கு அப்புறம் 299 ரூபாய் வீதம் வருஷத்துக்கு 3,887. இரண்டு வருஷத்தில் வித்தியாசம் 4,500-ஐத் தாண்டுகிறது, இன்னொரு போனில் பாதிக் காசு. போன் விலையை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் தவறவிடுகிற கணக்கு இது. பேச்சு மட்டும் போதும் என்பவர்களுக்கும் இப்போது வழி இருக்கிறது. டேட்டாவைத் தலையில் கட்டாமல் பேச்சுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும் மட்டும் தனிப் பேக் கொடுத்தாக வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் உத்தரவு போட்ட பிறகு, ஏர்டெல்லில் 84 நாளைக்கு 469 ரூபாய்க்கு அப்படி ஒன்று வந்தது. வருஷத்துக்கு இரண்டாயிரம் சுமார்.

வேலைக்கு ஆகுமா என்றால், பாதிக்கு ஆகும். மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் அக்கவுண்டில் விழுந்த எஸ்எம்எஸ் வர பட்டன் போன் தாராளம். ஓடிபி வரும். பணம் அனுப்பக்கூட 2022 மார்ச்சில் இருந்து யுபிஐ 123பே இருக்கிறது, ஒரு நம்பருக்கு அடித்து, குரல் சொல்கிறபடி எண்களை அழுத்தி அனுப்பலாம், இன்டர்நெட் வேண்டாம். ஒரு தடவைக்கு 5,000 ரூபாயாக இருந்த வரம்பை 10,000 ஆக்கியிருக்கிறார்கள். பணம் வாங்குகிற பக்கம் இன்னும் சுலபம். காய்கறி வண்டிக்காரர் கியூஆர் அட்டையை ஒட்டி, பக்கத்தில் அந்தச் சின்ன ஸ்பீக்கரை வைத்துவிடுகிறார். "நாற்பது ரூபாய் பெறப்பட்டது" என்று அது தமிழிலேயே கத்துகிறது, அவர் தராசில் இருந்து கண்ணை எடுப்பதே இல்லை. ஸ்மார்ட்போன் செய்ய வேண்டிய ஒரு வேலையை அந்த டப்பா பிடுங்கிக்கொண்டது. போன் கம்பெனிகள் இதைக் கணக்கில் எடுத்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகம்.

ஆனால் பட்டன் போனின் ஓட்டை வாட்ஸ்அப். 2017-இல் 1,500 ரூபாய் டெபாசிட்டுக்கு வந்த முதல் ஜியோபோன், பட்டன் போனுக்கான காய்ஓஎஸ் என்ற இயங்குதளத்தில் ஓடியது, அடுத்த வருஷம் அதில் வாட்ஸ்அப் வந்தது, அதை நம்பியே பலர் வாங்கினார்கள். 2024 ஜூன் 25-க்கு அப்புறம் காய்ஓஎஸ்ஸில் புதிதாக வாட்ஸ்அப் இறக்க முடியாது, ஏற்கெனவே இருப்பவர்களுக்கு 2025 தொடக்கம் வரைதான் என்று அறிவித்துவிட்டார்கள். பேரனின் வீடியோ கால் போச்சு, ஸ்கூல் குரூப்பும் போச்சு. போன் நல்லபடியாக இருக்கிறது, ஆப் செத்துவிட்டது. இன்னொன்று, ஜியோ பாரத்தில் ஜியோ சிம்மைத் தவிர வேறு எதுவும் வேலை செய்யாது. உங்கள் ஊரில் ஜியோ சிக்னல் வீட்டுக்குள் வராது என்றால் வாங்கிப் பிரயோஜனம் இல்லை.

புது மலிவு ஆண்ட்ராய்டுக்கு வருவோம். இதை ஏன் மோசமான பேரம் என்கிறேன் என்பதற்கு ஒரு உதாரணம் போதும். சிப் செய்கிற குவால்காம் கம்பெனி 2024-இல் நூறு டாலருக்குக் கீழே 5ஜி போன் என்று சொல்லி ஸ்னாப்டிராகன் 4எஸ் ஜென் 2 என்ற சிப்பை விட்டது. அதைப் போட்டு அந்த நவம்பரில் ரெட்மி ஏ4 5ஜி 8,499 ரூபாய்க்கு வந்தது. கடையில் 5ஜி என்று பெரிதாக எழுதி வைத்திருப்பார்கள். 5ஜியில் இரண்டு வகை உண்டு: பழைய 4ஜி நெட்வொர்க்கின் தோளில் ஏறி ஓடுவது ஒன்று, தனியாக ஓடுவது இன்னொன்று. ஏர்டெல் முதல் வகையில் விரித்தது, ஜியோ இரண்டாவதில். இந்தப் போனுக்கு இரண்டாவது மட்டும்தான் தெரியும். ஆக அப்போது அதில் ஏர்டெல் சிம்மைப் போட்டால் 4ஜிதான். காசு குறைக்க வேண்டுமென்றால் எதையாவது வெட்டித்தான் ஆக வேண்டும், அது நியாயம். வெட்டிய இடம் வாங்குகிறவருக்குப் புரியாத இடமாக இருக்கிறது என்பதுதான் என் எரிச்சல்.

அப்புறம் அந்த 64 ஜிபி. சிஸ்டமும் கூடவே வருகிற வேண்டாத ஆப்களும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தை நாலு குடும்ப குரூப்பின் காலை வணக்கப் படங்கள் ஒரு வருஷத்தில் நிரப்பிவிடும். பிறகு "இடம் இல்லை" என்ற அறிவிப்பு, வீட்டில் யாராவது ஒருவர் வந்து படங்களை அழித்துக் கொடுக்கிற சடங்கு. பஸ்ஸில் கண்டக்டர் நிற்க, யுபிஐ ஆப் வெள்ளைத் திரையோடு சுற்றிக்கொண்டே இருக்கும். இந்த அனுபவத்தில்தான் பலர் "நமக்கு இதெல்லாம் சரிப்படாது" என்று பட்டன் போனுக்கே திரும்புகிறார்கள். குறை போனுடையது, பழியை அவர்கள் தங்கள் மேல் போட்டுக்கொள்கிறார்கள்.

இதற்கு நேர் எதிராக நிற்பது செகண்ட் ஹேண்ட். போன் பழசு, ஆனால் திரை, கேமரா, சிப் எல்லாம் ஒரு படி மேலே. இப்போது இதற்குக் காற்று வேறு சாதகமாக அடிக்கிறது. சாம்சங் 2024-இல் விட்ட கேலக்ஸி ஏ16 5ஜிக்கு ஆறு வருஷம் அப்டேட் தருவதாகச் சொல்லியிருக்கிறது, அதாவது 2030 வரை. முதல் ஆள் இரண்டு வருஷம் வைத்திருந்து விற்றாலும் வாங்குகிறவருக்கு நாலு வருஷம் மிச்சம். விலை கூடின போனை விற்கக் கம்பெனிகள் கொடுக்கிற இந்த வாக்குறுதி, அவர்களுடைய மலிவுப் போனின் கழுத்தையே நெரிக்கப் போகிறது. இந்தியாவில் வருஷத்துக்கு 15 கோடி ஸ்மார்ட்போன் சுமாராக இறங்குகிறது, அந்த எண்ணிக்கை சில வருஷமாகப் பெரிதாக ஏறவில்லை. வளர்ச்சி இனி இந்தக் கைமாற்றுச் சந்தையில்தான் என்பது என் கணிப்பு. ஒரே தடை, சரக்கு. வெளிநாட்டில் இருந்து பழைய போனைக் கொண்டுவந்து விற்க இந்தியா விடுவதில்லை, 2016-இல் ஆப்பிள் கேட்டும் மறுத்தார்கள். நைஜீரியாவின் லாகோஸில் இகேஜா கம்ப்யூட்டர் வில்லேஜ் என்ற சந்தைக்குப் போனால் கதை வேறு. "யூகே யூஸ்டு" என்று சொல்லியே இங்கிலாந்தில் ஓடிய போன்கள் அங்கே விற்பனைக்கு இருக்கும். நம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைப்பது பெரும்பாலும் நம் ஆட்கள் கழித்துவிட்டதுதான்.

பயம் இரண்டுதான். ஒன்று, திருட்டுப் போனா என்பது. *#06# அடித்தால் ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள ஐஎம்இஐ எண் வரும். KYM என்று ஆங்கில எழுத்தில் அடித்து, இடம் விட்டு அந்த எண்ணைப் போட்டு 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் பிளாக் ஆனதா என்று தெரிந்துவிடும். கடைக்காரர் முன்னாலேயே செய்யுங்கள், முகம் சுளித்தால் அடுத்த கடை. இரண்டாவது பேட்டரி. மூன்று வருஷம் ஓடிய பேட்டரி சாயங்காலம் வரை தாங்காது, மாற்றுவதற்கும் சேர்த்தே பட்ஜெட் போட வேண்டும்.

ஆப்பிரிக்காவில் புது மலிவுப் போன் ஏன் நன்றாக ஓடுகிறது என்று கேட்கலாம். அங்கே டெக்னோ, ஐடெல், இன்ஃபினிக்ஸ் மூன்றையும் விற்கிற டிரான்ஷன் என்ற சீனக் கம்பெனி, சாம்சங்கையே முந்தியது உண்மை. ஆனால் அவர்கள் வெறும் விலையில் ஜெயிக்கவில்லை. கறுத்த முகம் படத்தில் தெளிவாக விழ கேமராவைத் திருத்தினார்கள், நெட்வொர்க் மாறிப் பேசினால் கட்டணம் கூடும் என்பதால் பல சிம் போடுகிற வசதி கொடுத்தார்கள், கரண்ட் இல்லாத ஊருக்குப் பெரிய பேட்டரி வைத்தார்கள், 2011-லேயே எத்தியோப்பியாவில் பேக்டரி போட்டார்கள். கென்யாவில் இன்னொரு வழியும் உண்டு. அங்குள்ள மொபைல் கம்பெனி சஃபாரிகாம் 2020-இல் கூகுளோடு சேர்ந்து, நாளுக்கு 20 ஷில்லிங் கட்டினால் 4ஜி ஸ்மார்ட்போன் என்று ஆரம்பித்தது. எம்-பெசா என்ற மொபைல் பணக் கணக்கில் இருந்து தினம் காசு போகும், நின்றால் போன் பூட்டிக்கொள்ளும். தினக்கூலிக்காரர் கையில் மொத்தமாக எட்டாயிரம் இருக்காது, இருபது இருக்கும் என்று புரிந்துகொண்ட திட்டம். மொத்தக் காசு கொடுத்து வாங்குவதை விடக் கூடத்தான் ஆகும், பூட்டும் எனக்குப் பிடிக்காது. ஆனாலும் மாதத் தவணைக்குப் பேங்க் பேப்பர் கேட்கிற நம் ஊர் முறையைவிட அது அவர் வாழ்க்கைக்குப் பொருந்துகிறது.

வரியையும் சொல்லியாக வேண்டும். தென்னாப்பிரிக்கா 2025 ஏப்ரலில் 2,500 ராண்டுக்குக் குறைந்த ஸ்மார்ட்போன்களுக்கு ஆடம்பர வரியை நீக்கிவிட்டது. இங்கே 2020 ஏப்ரலில் 12-இல் இருந்து 18 ஆன ஜிஎஸ்டி, 2025 செப்டம்பரில் டிவிக்கும் ஏசிக்கும் குறைந்தபோதும் போனுக்கு இறங்கவில்லை. லட்ச ரூபாய் ஐபோனுக்கும் ஆயிரம் ரூபாய் பட்டன் போனுக்கும் ஒரே 18. நூறு நாள் வேலைத் தளத்தில் 2023 ஜனவரி முதல் ஆப்பில் போட்டோ எடுத்துத்தான் வருகைப்பதிவு என்று கட்டாயப்படுத்தியதும் மத்திய அரசுதான். போனை வேலைக்கருவி ஆக்கிவிட்டு அதற்கு இந்த வரி என்பது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை.

ஆளுக்குத் தகுந்த மாதிரி சொல்வதென்றால்: காலும் ஓடிபியும் போதும் என்கிற பெரியவருக்கு 4ஜி பட்டன் போன், யோசிக்கவே வேண்டாம். எழுதத் தெரியாவிட்டாலும் யூடியூபில் மைக்கை அழுத்திப் பேசித் தேடத் தெரிந்தவர், பேரனை வீடியோவில் பார்க்க ஏங்குகிறவர் என்றால் செகண்ட் ஹேண்ட். படிக்கிற பிள்ளைக்கும் அதுதான். புது ஆண்ட்ராய்டை வாங்கியே தீருவேன் என்பவர் வாரண்டிக்காக மட்டும் வாங்கலாம், அதுவும் 5ஜி ஸ்டிக்கரைப் பார்த்து மயங்காமல்.

பட்டன் போன் வாங்குவதாக இருந்தால் பெட்டியில் 4ஜி என்று இருக்கிறதா என்று பாருங்கள். 2023-இல் 1,299 ரூபாய்க்கு யுபிஐ வசதியோடு வந்த நோக்கியா 105 கூட 2ஜிதான், ஏர்டெல், வோடபோன் ஐடியா சிம்மில் ஓடும், ஜியோவில் ஓடாது, ஏனென்றால் ஜியோவிடம் 2ஜியே கிடையாது. தென்னாப்பிரிக்கா 2027 கடைசிக்குள் 2ஜி, 3ஜியை மூடத் தேதி வைத்திருக்கிறது. இங்கே தேதி வைக்கவில்லை, ஆனால் இருநூறு முந்நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் 2ஜி மாடலை வாங்கி வந்தால், ஒருநாள் நம்பரை மாற்றாமலே போனை மட்டும் மாற்ற வேண்டி வரும்.