காசு கொடுத்து வாங்கியவருக்குத்தான் பூட்டு: ப்ராடக்ட் கீயோடு பல வருட அனுபவம்

விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்தே மென்பொருளை லைசென்ஸோடு வாங்கித்தான் பயன்படுத்துகிறேன். ஆபரேட்டிங் சிஸ்டம், ஆபீஸ், ஒலித்தொகுப்பு, படத்தொகுப்பு எல்லாமே கீ (வாங்கும்போது தரும் எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு) போட்டு ஆக்டிவேட் செய்தவை. இத்தனை வருடம் கழித்தும் எனக்கு ஆறாத விஷயம் ஒன்றுதான்: இந்த ஏற்பாடு திருடுபவர் பக்கம் போவதே இல்லை, வாங்கியவரைத்தான் வாசலில் நிறுத்தி நிறுத்தி விசாரிக்கிறது.

என்னை ரொம்பவே படுத்தியது ஒரு ஒலித்தொகுப்பு மென்பொருள். இரண்டு கணினிகளில் போட்டுக்கொள்ள அனுமதி உண்டு. ஒன்றில் மதர்போர்டு போய்விட்டது, புதிது மாற்றியதும் மென்பொருள் அதை மூன்றாவது கணினியாகக் கணக்கில் எடுத்துக்கொண்டது. பழையதில் டீஆக்டிவேட் செய்துவிட்டு வாருங்கள் என்று ஒரு செய்தி. போர்டே செத்துப்போன பிறகு எதில் போய் டீஆக்டிவேட் செய்வது? உதவிப் பிரிவுக்கு எழுதினால் பில் கேட்டார்கள், அனுப்பினேன், அப்புறம் வாங்கியபோது கொடுத்த மின்னஞ்சலிலிருந்துதான் எழுத வேண்டும் என்றார்கள், அதற்குள் முடித்துக் கொடுக்க வேண்டிய வேலை பாதியில் நின்றது. அதே மென்பொருளின் கிராக் பதிப்பை, அதாவது பூட்டை உடைத்துப் பரப்பிய திருட்டுப் பதிப்பை, வைத்திருப்பவருக்கு இந்த அலைச்சல் எதுவும் இல்லை.

ஏன் இல்லை என்றால், கிராக் செய்பவர் பெரும்பாலும் சரியான கீயைத் தேடி அலைவதில்லை. ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா என்று நிரல் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளும் இடத்தைக் கண்டுபிடித்து, பதில் எப்போதும் 'ஆம்' என்றே வரும்படி மாற்றிவிடுகிறார். சோதனை நடப்பது பயனரின் கணினியிலேயே என்பதால், எத்தனை வலுவான கீ வைத்தாலும் இந்த ஓட்டை அப்படியேதான் இருக்கும்.

பழைய கதையைப் பார்த்தாலும் இதுதான். விண்டோஸ் 95 கீயில் முக்கியமான சோதனை, கடைசி ஏழு இலக்கங்களின் கூட்டுத்தொகை 7ஆல் வகுபட வேண்டும் என்பது. எல்லா இலக்கத்தையும் 1 என்று அடித்தாலும் ஏற்றுக்கொள்ளும். 2001இல் எக்ஸ்பி வந்தபோது 25 எழுத்துக் கீயோடு, கணினியின் பாகங்களைக் கணக்கெடுக்கும் ஆக்டிவேஷனும் வந்தது. ஆனால் பெரிய நிறுவனங்களுக்கான வால்யூம் பதிப்புக்கு ஆக்டிவேஷன் தேவையில்லை, அதன் கீ ஒன்று விற்பனை தொடங்கும் முன்பே வெளியே கசிந்துவிட்டது. தனியாக ஒரு பெட்டி வாங்கியவர்தான் ரேம், ஹார்ட் டிஸ்க் என்று நாலைந்து பாகம் மாற்றியதும், மீண்டும் ஆக்டிவேட் செய்ய போனில் ஐம்பதுக்கும் மேற்பட்ட இலக்கங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தக் கீ ஸ்டிக்கரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். விண்டோஸ் 7 காலம்வரை லேப்டாப்பின் அடியில், கை படும் இடத்தில், சூடு ஏறும் இடத்தில் ஒட்டியிருந்தார்கள். குழப்பம் வரக்கூடாது என்று பூஜ்ஜியம், ஓ, ஒன்று, ஐ எல்லாவற்றையும் கீயிலிருந்து விலக்கியவர்கள், பி எழுத்தையும் எட்டையும் மட்டும் சேர்ந்தே விட்டுவைத்தார்கள். மை பாதி அழிந்த ஸ்டிக்கரில் அது பி-யா எட்டா என்று டார்ச் அடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அந்த எரிச்சல்.

கீ சரியாக இருந்தும் சர்வர் காலை வாரிய சம்பவங்களும் உண்டு. 2007 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்டின் சரிபார்ப்பு சர்வரில் ஏற்பட்ட பிழையால், காசு கொடுத்து வாங்கிய விண்டோஸ்களே போலி என்று முத்திரை குத்தப்பட்டன. 2018 நவம்பரில் விண்டோஸ் 10 ப்ரோ வைத்திருந்தவர்களுக்கும் இதேபோல் ஆனது. இரண்டும் சரியாகிவிட்டன, சரி. சர்வரையே மூடிவிட்டால்? அடோபி, ஃபோட்டோஷாப் உள்ளிட்ட தன் சிஎஸ்2 மென்பொருள் தொகுப்பின் ஆக்டிவேஷன் சர்வரை நிறுத்தியபோது, ஆக்டிவேஷன் தேவைப்படாத பதிப்பை 2013 ஜனவரியில் வெளியிட்டது. வாங்கியவர்கள் பிழைத்தார்கள். அது நல்ல முன்மாதிரி, ஆனால் அந்தக் கடமை எந்த லைசென்ஸிலும் எழுதப்பட்டு நான் பார்த்ததில்லை.

இதை வைத்து கிராக் போடுங்கள் என்று சொல்ல வரவில்லை. நான் போடுவதில்லை. எழுதியவருக்குக் கூலி போய்ச் சேர வேண்டும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு ஓட்டு என்று சொல்லும் எதையும் என் கணினியில் நம்பி ஓட்ட முடியாது. ஸ்டாப் என்ற ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் நிரல்) பரவியதே பெரும்பாலும் இப்படிக் கிராக், கீஜென் (போலிக் கீ உருவாக்கும் நிரல்) கோப்புகள் வழியாகத்தான், மாட்டிய பலருக்குப் புகைப்படங்கள்கூட மிஞ்சவில்லை.

இப்போதெல்லாம் வாங்கும் முன் மூன்று விஷயம் பார்க்கிறேன்: இணையம் இல்லாமல் ஆக்டிவேட் செய்ய வழி உண்டா, செத்துப்போன கணினியை என் கணக்குப் பக்கத்திலிருந்தே நீக்க முடியுமா, சர்வரை மூடினால் எனக்கு என்ன தருவார்கள். மூன்றாவதை நேரடியாகவே மின்னஞ்சலில் கேட்டுவிடுகிறேன். சிறிய நிறுவனங்கள் பல ஒளிவுமறைவு இல்லாமல் பதில் சொல்கின்றன, அவர்களிடமே வாங்குகிறேன்.