டாப்சிலிப்பை ஆடி மாதத்திலும் ஒருமுறை பாருங்கள்

பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை வழியாக டாப்சிலிப்புக்குப் போகிறவர்களில் பலர், விடுமுறை நாளொன்றில் காலையில் ஏறி மாலையில் இறங்கிவிட்டு, விலங்கு எதுவும் கண்ணில் படவில்லை என்று குறைப்பட்டுக்கொள்கிறார்கள். ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் இந்தப் பகுதிக்குத் தை, சித்திரை, ஆடி, கார்த்திகை என நான்கு முறை சென்று வந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

தை மாதத்தில் தேக்கு இலை உதிர்க்கத் தொடங்கிவிடுகிறது. முறம் அகலச் சருகுகள் தரையெங்கும் கிடப்பதால், காட்டெருமை கண்ணுக்குத் தெரியும் முன்பே அதன் நடை காதில் விழுகிறது. வனத்துறை வண்டியில் போகிறவர்கள் பேச்சை நிறுத்தினாலே போதும், பாதி பலன் கிடைத்துவிடும். கோழிகமுத்தி முகாமில் யானைகளுக்குக் கவளம் ஊட்டுவதைப் பார்க்கவும் இக்காலமே வசதியானது.

கோடையில் காட்டுத்தீ அபாயத்தால் காட்டை மூடுவதுண்டு என்பதால் முன்கூட்டியே விசாரித்துவிட்டுக் கிளம்புவது நல்லது. சித்திரையில் மழை விழுந்ததும் தேக்கு தளிர்க்கிறது. வழிகாட்டியாக வந்த பெரியவர் கீழே கிடந்த தளிர் ஒன்றை என்னிடம் கொடுத்து, "கசக்கிப் பாருங்க தம்பி" என்றார். மருதாணி இட்டதுபோல் விரல்கள் சிவந்துவிட்டன. ஒரு காலத்தில் மரங்களை வெட்டி இங்கிருந்து சரிவில் உருட்டிவிட்டதால்தான் இந்த இடத்துக்கே டாப்சிலிப் என்று பெயர். அப்படி மொட்டையாகிப்போன மலையில் மீண்டும் தேக்கை வளர்த்த ஆங்கிலேய வன அதிகாரி ஹ்யூகோ வுட், 1933-இல் மறைந்தபின் இங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். அந்தக் கல்லறைக்கு முன் சிறிது நேரமாவது நின்றுவிட்டு வாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ஆடி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் தென்மேற்குப் பருவமழையும் சேர்ந்துகொள்ள, பத்தடிக்கு அப்பால் மரம் தெரியாத அளவுக்கு மூடுபனி இறங்குகிறது. விலங்குகள் அரிதாகத்தான் தென்படும். அட்டைகள் தாராளமாக ஏறும். காலுறைக்கு மேல் புகையிலைத் தூளைத் தடவிக்கொண்டு, தேக்கிலையில் மழை கொட்டும் ஓசையைக் கேட்டபடி நடந்த ஒரு மணி நேரத்துக்கு ஈடாக வேறெதையும் என்னால் சொல்ல முடியவில்லை.

கார்த்திகைப் பயணம் எனக்குச் சரியாக அமையவில்லை. வாடகைக் கார் ஓட்டுநர் நேரத்தைப் பற்றிக் கவலைப்படாமல் வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தி வந்ததால், சோதனைச் சாவடியை அடைந்தபோது அன்றைய அனுமதி நேரம் முடிந்திருந்தது. மறுநாள் மீண்டும் போனபோது புல் ஆளுயரம் வளர்ந்து பார்வையை மறைத்தது. விலங்குகளைக் காட்டவேண்டிக் குழந்தைகளை அழைத்துச் செல்பவர்கள் தை மாதத்தையே தேர்ந்தெடுக்கலாம். தங்கும் அறைக்கு முன்பதிவு செய்துவிட்டு, விடியும்போதே சேத்துமடையில் இருங்கள்.