ஆரஞ்சு புக்கு வாங்கலாமா? 6 வருஷம் வச்சிருந்தவன் சொல்றேன்

போன வாரம் அக்கா மகன் திருமங்கலத்துலருந்து போன் பண்ணான். மாமா, இ.எம்.டி பேசிக் கோர்ஸ்ல (உங்கள மாதிரி ஆம்புலன்ஸ்ல போயி முதலுதவி பண்ற படிப்பு) சேந்துட்டேன், எல்லாரும் ஆரஞ்சு புக்குதான் வாங்கணும்ங்கிறாங்க, இப்ப பழைய எடிஷன் வெலை வேற குறைஞ்சிருக்கு, ஆர்டர் போட்ரவான்னு கேட்டான். வாங்கு இல்ல வாங்காதன்னு ஒத்த வார்த்தையில முடியிற கேள்விதான். எனக்கு வாயில வரல மாப்ள, யோசிச்சு சொல்றேன்னு வச்சுட்டேன். அன்னைக்கு ராத்திரி புக்கை எடுத்து பாம்புக்கடிப் பக்கத்தைத் திருப்பியும் படிச்சேன், படிச்சதும் பழைய கோவம் அப்பிடியே வந்துருச்சு, அதனாலதான் இம்புட்டு நீளமா எழுதுறேன்.

புக்கைப் பத்தி இந்த ஆம்புலன்ஸ் வேலையில இருக்குறவங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல. அமெரிக்காவுல எலும்பு டாக்டர்ங்க சங்கம் 1971-ல போட்ட புக்கு, அங்க ஆம்புலன்ஸ்ல ஏறுறவங்களுக்குன்னே எழுதுனது, ஆயிரத்து சொச்சம் பக்கம், தூக்கித் தலைமாட்டுல வச்சா தலகாணி உசரம். என்கிட்ட இருக்குறது 11-வது எடிஷன், செகண்ட் ஹேண்ட்ல 1,800 ரூபா குடுத்து வாங்குனேன், அட்டை கிழிஞ்சு பைண்டிங் போட்டு ஓடிக்கிட்டு இருக்கு.

நல்லதை முதல்ல சொல்லிர்றேன். படிக்கிற காலத்துல எனக்குப் பிடிக்காத விஷயம் என்னன்னா இந்தப் புக்கு ஒவ்வொரு பாடத்துலயும் ஆரம்பத்துலருந்து அதே பாட்டைப் பாடும். எடம் பத்திரமா இருக்கா, கை உறை போட்டியா, எத்தன பேருக்கு அடி, நினைவு இருக்கா, மூச்சு வழி திறந்திருக்கா, மூச்சு விடுறாங்களா, நாடி இருக்கா, ரத்தம் போகுதா. நெஞ்சுவலிப் பாடத்துலயும் இதுதான், பிரசவப் பாடத்துலயும் இதுதான், தீக்காயத்துலயும் இதுதான். என்னடா பக்கத்தை நிரப்புறாங்கன்னு நெனச்சேன். வண்டியில ஏறி ரெண்டாவது வாரம் மேலூர் ரோட்டுல ஒரு டூ வீலர் கேஸ், சுத்தி ஐம்பது பேரு கத்துறாங்க, ஆளு முகத்துல பூரா ரத்தம், எனக்கு மண்டைக்குள்ள ஒண்ணுமே ஓடல, ஆனா கை தானா தாடையைத் தூக்கிப் பிடிச்சு, வாயில இருக்குற ரத்தத்தை உறிஞ்சுற சக்ஷனை எடுத்துச்சு. அம்பது தடவை திரும்பத் திரும்பப் படிச்சதோட பலன் அதுதான். அதுக்கப்புறம் அந்தப் பக்கங்களை ஒரு நாளும் நான் கொறை சொன்னது கெடையாது.

இன்னொண்ணு, படம் படமா ஸ்டெப் காட்டுவான் பாருங்க, அது மாதிரி வேற எதுலயும் நான் பாக்கல. பொங்கல் சமயத்துல பாலமேட்டுல ஸ்டாண்ட்பை போட்டிருந்தாங்க. மாடு குத்தி வயிறு கிழிஞ்சு குடல் வெளிய வந்துட்ட ஒரு பையனைத் தூக்கிட்டு வந்தாங்க. கூட வந்த பெரியவர் துண்டை வச்சு உள்ள அமுக்கப் பாத்தாரு. அய்யா கையை எடுங்கன்னு சொல்லிட்டு, உள்ள தள்ளாம, சலைன்ல நனைச்ச கட்டுத்துணியை மேல போத்தி, அதுக்கு மேல பிளாஸ்டிக் ஷீட்டை வச்சு காத்துப் போகாம ஒட்டி, முழங்காலை மடக்கி வச்சு படுக்கப்போட்டேன். முழங்கால மடக்குனா வயித்துச் சதை தளரும், இழுக்காது, காலுலயோ முதுகுலயோ அடி இல்லாட்டித்தான் மடக்கணும். இது பூராவும் அந்தப் புக்குல ஒரு பக்கத்துல படத்தோட இருக்கு. அமெரிக்காக்காரனுக்கு ஜல்லிக்கட்டு தெரியாது, ஆனா அந்தப் பக்கம் பாலமேட்டுக்குன்னே எழுதுன மாதிரி இருந்துச்சு.

இனி பாம்பு.

நாலு வருஷத்துக்கு முன்னாடி, வெள்ளென நாலரை மணி இருக்கும், எழுமலை பக்கம் ஒரு ஊர்லருந்து கால். முப்பது முப்பத்திரண்டு வயசு அக்கா, மூணு மணிலருந்து வயித்துவலி, ரெண்டு தடவை வாந்தி. வீட்டுக்காரரு, சார் ராத்திரி கடையில புரோட்டா வாங்கிட்டு வந்தேன், அதுதான் ஒத்துக்கலன்னாரு. நானும் பி.பி. பாத்தேன், சுகர் பாத்தேன், எல்லாம் சரியா இருந்துச்சு, சாப்பாட்டுக் கோளாறுதான்னு முடிவே பண்ணிட்டேன். அந்தக்கா மட்டும் தொண்டை அடைக்குது தம்பி, கண்ணு தொறக்க மாட்டேங்குதுன்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு, தூக்கக் கலக்கம்னு நெனச்சேன். எங்க பைலட் அண்ணன் (ஆம்புலன்ஸ் டிரைவரைத்தான் பைலட்டுன்னு சொல்லுவோம்) இருபது வருஷமா வண்டி ஓட்டுறவரு, ஸ்ட்ரெச்சரைப் பிடிச்சவரு அப்பிடியே நின்னுட்டு, தம்பி, இமையைப் பாரு, எங்க சித்தப்பாவுக்கு இப்பிடித்தான் ஆச்சு, தரையில படுத்திருந்துச்சான்னு கேளுன்னாரு. கேட்டேன். பாயில, தரையில.

மேல பாருங்கக்கான்னு சொன்னேன், இமை ஏறவே இல்ல, பாதிக் கண்ணுல நின்னுச்சு. டார்ச் அடிச்சு கை கால் காது மடல் வரைக்கும் தேடினோம், பல் தடம் ஒண்ணு கூட தெரியல, வீக்கம் இல்ல, கடிச்ச எடத்துல வலின்னும் எதுவும் இல்ல. கட்டுவிரியன் அப்பிடித்தான் கடிக்கும், ராத்திரி தூங்குறவங்களைக் கடிக்கும், பல்லு சின்னது, எறும்பு கடிச்ச மாதிரி கூட தெரியாது, வெடியக்காலம் வயித்துவலியில ஆரம்பிச்சு இமை சரிஞ்சு கடைசியில மூச்சுத் தசையில வந்து நிக்கும். இது எங்க பைலட் அண்ணனுக்குத் தெரிஞ்சிருக்கு. ஆயிரத்து சொச்சம் பக்கம் படிச்சுப் பாஸான எனக்குத் தெரியல.

ஏன் தெரியலன்னா நான் படிச்ச பாம்பு வேற பாம்பு. அந்தப் புக்குல பாம்புப் பாடத்துல பாதிக்கு மேல அமெரிக்காவுல இருக்குற ரேட்டில்ஸ்னேக்கு வகையறா. கடிச்ச ஒடனே எரிச்சல், ரெண்டு பல் தடம், கொஞ்ச நேரத்துல வீக்கம். அதைப் படிச்சவன் மண்டையில என்ன பதியும், வீக்கம் இல்லன்னா விஷம் இல்லன்னு பதியும். அடுத்து பவளப்பாம்புன்னு சின்னதா ஒரு பகுதி வருது, அதுல நரம்பு விஷம், பல மணி நேரம் கழிச்சுக் கூட வாதம் வரும், அதாவது தசை செயலிழந்துரும், மூச்சுக்குத் துணை குடுன்னு எழுதியிருக்கான். நம்ம கட்டுவிரியன் அந்தப் பகுதிக்குள்ள ஒளிஞ்சிருக்குன்னு யாராச்சும் சொல்லிக் குடுத்திருந்தா புடிச்சிருப்பேன். கிளாஸ்ல அந்தப் பாடத்தை அரை மணி நேரத்துல ஓட்டிட்டாங்க, பரிட்சையில ஒரு மார்க்குக்கு வரும்னு சொன்னாங்க, அம்புட்டுதான்.

அமெரிக்காவைத் தப்பு சொல்லி என்ன செய்ய. அங்க வருஷத்துக்கு பாம்புக்கடியில சாகுறவங்க அஞ்சு பேரு அளவுதான். நம்ம நாட்டுல 2000-லருந்து 2019 வரைக்கும் 20 வருஷத்துல சுமார் 12 லட்சம் பேரு, வருஷத்துக்கு 58,000 உசுரு. அவன் சின்னதா எழுதுனது அவனுக்கு சரியான அளவு. என் கோவம் அதை அப்பிடியே தூக்கி உசிலம்பட்டிக்கும் கல்லுப்பட்டிக்கும் ஓடப்போற புள்ளைங்க கையில குடுத்து இதுதான் பாடம்னு சொல்றவங்க மேல. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன், இந்த நாலு பேரு இல்லாத ஒரு புக்கை வச்சு நம்ம ஊர்ல ஆம்புலன்ஸ் ஆளுங்களைத் தயார் பண்றாங்க.

அன்னைக்கு உசிலம்பட்டி ஜி.ஹெச்ல ஒடனே விஷமுறிவு மருந்து ஏத்த ஆரம்பிச்சு, மதுரை பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புனாங்க. கட்டுவிரியன்ல மருந்து ஏத்தினாலும் ஆரம்பிச்ச வாதம் ஒடனே நின்னுறாது. கெளம்பிக் கொஞ்ச தூரத்துலயே மூச்சு மேலோட்டமா ஆயிருச்சு, நெஞ்சு தூக்கவே இல்ல. அம்பு பேக்கை எடுத்தேன், மாஸ்க் வச்சுக் கையால அமுக்கி மூச்சு குடுக்குற பை அது. இடது கை கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மாஸ்க் மேல, மீதி மூணு விரலும் தாடை எலும்புல, தாடையை மாஸ்க்குக்குள்ள தூக்கணும், மாஸ்க்கை மூஞ்சில அமுக்கக்கூடாது. வலது கையால அமுக்கணும், நெஞ்சு லேசா எந்திரிக்கிற வரைக்கும் போதும், விட்டுறணும், ஆறு வரைக்கும் எண்ணிட்டு அடுத்தது. பயத்துல வேகமா அமுக்கத் தோணும், அமுக்கினா காத்து வயித்துக்குள்ள போயி வாந்தி வரும், நுரையீரலுக்குள்ளயே போயிரும். செக்கானூரணி தாண்டும்போது இடது கை மரத்துப்போச்சு. நாகமலை புதுக்கோட்டையில ஸ்பீடு பிரேக்கர்ல மாஸ்க் நழுவுச்சு, திரும்பப் பிடிச்சேன். ஒண்ணு ரெண்டு மூணு நாலு அஞ்சு ஆறு, அமுக்கு. நிமிஷத்துக்குப் பத்து, காளவாசல் தாண்டி ஆஸ்பத்திரி வாசல் வர்ற வரைக்கும் வேற எதையும் நெனைக்கல. மூணு நாள் வென்டிலேட்டர்ல இருந்துட்டு அந்தக்கா பொழச்சுருச்சு.

அந்த விரல் பிடி, அந்த ஆறு செகண்டு கணக்கு, ரெண்டும் எனக்கு அந்த ஆரஞ்சு புக்கு சொல்லிக் குடுத்தது. அதையும் மறைக்க மாட்டேன்.

அதுக்கப்புறம் இந்திய அரசு 2009-ல போட்ட பாம்புக்கடி சிகிச்சை நெறிமுறையைத் தேடி எடுத்து, வேணுங்கிறதைத் தமிழ்ல ஒரு தாள்ல எழுதி அந்தப் பாம்புப் பக்கத்துல ஒட்டி வச்சிருக்கேன். தரையில படுத்தவங்களுக்கு வெள்ளென வயித்துவலின்னா முதல்ல கட்டுவிரியனை நெனை, கடிவாய் தெரியலன்னா கடிக்கலன்னு அர்த்தம் இல்ல, கீறாத, உறிஞ்சாத, ஐஸ் வைக்காத, கடிபட்ட கை காலை எலும்பு முறிஞ்ச மாதிரி அசையாம வை, நடக்க விடாத, பாம்பைத் தேடி நேரத்தைக் கழிக்காத, நம்ம ஊர் மருந்து அந்த நாலு பாம்புக்கும் சேத்துத்தான் செய்றாங்க. ஒரே மூச்சுல எத்தனை வரைக்கும் எண்ண முடியுதுன்னு ஏறுனப்பயும் வழியிலயும் எண்ணச் சொல்லு, எண்ணிக்கை குறைஞ்சா அம்பு பேக்கைக் கையில எடுத்து வச்சுக்க.

கட்டுப் போடுறதைப் பத்தித் தனியா சொல்லணும், ஏன்னா இந்தப் புக்கு படிச்ச பசங்க இங்கதான் கொழம்புறாங்க. ரத்தம் நிக்காம போனா டூர்னிகே (கை காலை இறுக்கிக் கட்டுற பட்டை) போடுன்னு புக்குல தைரியமா சொல்லியிருக்கு, அது ரத்தப்போக்குக்கு சரிதான். ஒரு டிரெய்னிங் பையன் என் கண்ணு முன்னாடியே பாம்புக்கடிக்கு அதை எடுத்து மாட்டப் போனான். பாம்புக்கடிக்கு இறுக்கிக் கட்டவே கூடாது. ஊர்க்காரங்க கயித்தால ஏற்கனவே இறுக்கிக் கட்டியிருந்தாங்கன்னா வண்டியில வச்சுப் படக்குன்னு அவுக்கவும் கூடாது, அவுத்த ஒடனே விஷம் மொத்தமா ஏறி மூச்சு நின்னுரலாம், டாக்டர் பக்கத்துல இருக்குறப்பதான் அவுக்கணும். ஒரே புக்குல அந்தப் பக்கம் கட்டுங்குது, இந்தப் பக்கம் கட்டாதங்குது, புதுப் பையனுக்கு ரெண்டும் சேந்து நிக்காது.

பூச்சிமருந்தும் இப்பிடித்தான். வயல்ல மருந்தடிச்சுக்கிட்டு இருந்தவரு மயங்கிட்டாருன்னு நமக்கு வர்ற கால் எத்தனை. கண்ணுமணி ஊசிமுனை அளவு சுருங்கிரும், எச்சி ஒழுகும், வேர்த்துக் கொட்டும், நெஞ்சுல சளி கட்டும். புக்குல விஷப் பாடத்துல கொஞ்சம் இருக்கு, மீதி தீவிரவாதத் தாக்குதல் பாடத்துல நரம்பு வாயுவோட சேத்து இருக்கு. அலங்காநல்லூர் நெல்லு வயலுக்கு வேண்டியதை நான் அங்க போயித் தேடிப் படிச்சேன். சட்டையைக் கழட்டு, தண்ணி ஊத்திக் கழுவு, நீ கை உறை இல்லாம தொடாத, அதெல்லாம் நல்லாவே எழுதியிருக்கான், எடம்தான் தப்பு.

நோயாளிகிட்ட கேக்குற கேள்வியும் தமிழ்ல நீங்களேதான் செஞ்சுக்கணும். பத்துக்கு எத்தனை வலின்னு கேளுன்னு புக்கு சொல்லும். எழுபது வயசு பாட்டிகிட்ட கேட்டா உசுரு போகுதுய்யான்னுதான் சொல்லும், அதுக்கு மேல என்ன நம்பர். வாயு பிடிச்சிருக்குன்னு சொல்றவரு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு வேர்த்துப்போயி உக்காந்திருந்தா அது வாயு இல்ல. மயக்கமா வருதுன்னா தலை சுத்துதா, கண்ணு இருட்டிக்கிட்டு வருதா, விழுந்தே போனாங்களான்னு மூணா பிரிச்சுக் கேக்கணும்.

பழைய எடிஷன் மலிவா கெடைக்குதுன்னு கேட்டல்ல மாப்ள, அதுக்கும் சொல்லிர்றேன். 2010-க்கு முந்தினது எதுவும் தொடாத. அதுல சி.பி.ஆர்.ல (இதயம் நின்னவங்களுக்கு நெஞ்சை அமுக்கி மூச்சு குடுக்குறது) மூச்சு முதல்லன்னு இருக்கும், 2010-ல நெஞ்சை அமுக்குறதுதான் முதல்லன்னு மாத்திட்டாங்க, 2015-ல நிமிஷத்துக்கு 100-லருந்து 120, ஆழம் 5-லருந்து 6 சென்டிமீட்டர்னு வரம்பும் வச்சுட்டாங்க. பழசைப் படிச்சு கை பழகிருச்சுன்னா மாத்துறது ரொம்பக் கஷ்டம்.

இவ்வளவு நல்லது சொல்லியாச்சு, சரி வாங்குன்னு சொல்லுவேன்னு நெனச்சிருப்ப. வாங்காத. இப்ப வாங்காத. கோர்ஸ்ல குடுக்குற கைப்புத்தகத்தை முதல்ல முழுசாப் படி, அந்த 2009 நெறிமுறையைப் பிரிண்ட் எடுத்துக்க, கிளாஸ்ல பாம்புக்கடிக்கு அரை மணி நேரம்தான்னா எந்திரிச்சு நின்னு கேளு. கைப்பழக்கத்துக்கு மட்டும்தான் உனக்கு ஆரஞ்சு புக்கு வேணும், மூச்சுப் பாடம், ரத்தப்போக்கு, எலும்பு, பிரசவம். அதுக்கு என்னோடதை எடுத்துக்க, ரெண்டு மாசம் வச்சிரு. ஞாயித்துக்கிழமை பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டு போன் பண்ணு, பெரிய பையா கொண்டா, கனம். அந்த ஒட்டுன தாளை மட்டும் பிச்சுறாத, ஜெராக்ஸ் எடுத்துக்க.