ஸ்மார்ட் வாட்ச்சின் பனிச்சறுக்கு மோடு: துடிப்பை நம்பலாம், கலோரியை நம்ப வேண்டாம்

மதுரை டவுன்ஹால் ரோட்டில் மூவாயிரம், நாலாயிரத்துக்கு விற்கிற ஸ்மார்ட் வாட்ச்சில் நூறு விளையாட்டு மோடு இருக்கும். பனிச்சறுக்கும் அதில் ஒன்று. காஷ்மீரில் பனிச்சறுக்குக்குப் பேர்போன குல்மார்க் போகிற மதுரைக்காரர் அதை ஆன் செய்து நாள் முழுக்கச் சறுக்கினாலும், சாயங்காலம் அது காட்டுகிற கலோரியை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இதயத் துடிப்பு பார்க்க வாங்கலாம். கலோரிக்காக மட்டும் என்றால் காசு வீண்.

வாட்ச் கலோரியை அளப்பதே இல்லை. பின்பக்கப் பச்சை லைட் தோலுக்கடியில் ஓடும் ரத்தத்தை வைத்துத் துடிப்பை எண்ணுகிறது. அதோடு வயது, எடை, ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்து ஒரு கணக்குப் போட்டு ஊகிக்கிறது. சமதரையில் சீராக நடந்தால் இது ஓரளவு ஒத்துவரும். சரிவில் இறங்கும்போதுதான் உதைக்கும். கீழே இழுப்பது புவியீர்ப்பு. தொடைத் தசை பிரேக் பிடிக்கிறது. அந்த வேலைக்கு ஆக்சிஜன் குறைவாகவே செலவாகும். ஆனால் காலை இறுக்கிப் பிடிப்பதாலும் பயத்தாலும் துடிப்பு எகிறும். குல்மார்க்கில் ஆளை மேலே ஏற்றிவிடும் ரோப் காரான கொண்டோலாவின் இரண்டாம் கட்டம் இறக்கிவிடுவது ஏறக்குறைய 4,000 மீட்டர் உயரத்தில். அங்கே சும்மா நின்றாலே துடிப்பு கூடும். குளிரில் மணிக்கட்டு ரத்தக் குழாய் சுருங்கினால் சென்சார் துடிப்பையே தவறவிடவும் செய்யும். சித்திரை வெயிலில் அழகர்மலை ஏறினாலும் கோளாறுதான்: உடம்புச் சூட்டைத் தணிக்க இதயம் கூடுதலாக அடிக்கும், வாட்ச் அதையும் உழைப்பில் சேர்த்துவிடும்.

2017-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆறில் துடிப்புப் பிழை 5 சதவீதத்துக்குள் இருந்தது. கலோரியிலோ, இருப்பதிலேயே நல்ல கருவிக்கே சராசரிப் பிழை 27 சதவீதம்; மோசமானதற்கு 93.

அதைவிடக் கைக்கணக்கு மேல். சும்மா உட்கார்ந்திருக்கும்போது ஆகும் செலவு 1 மெட், அதாவது கிலோவுக்கு மணிக்குச் சுமார் 1 கலோரி. மிதமான பனிச்சறுக்கு 5.3 மெட், மெதுவாகச் சறுக்கினால் 4.3, பந்தய வேகம் 8. இது சறுக்குகிற நேரத்துக்கு மட்டும். எல்லோரும் கணக்கில் தவறுவது இங்கேதான். ஆறு மணி நேரம் மலையில் இருந்து, அதில் இரண்டு மணி நேரம் சறுக்கினால், 70 கிலோ ஆளுக்கு 5.3 × 70 × 2 = 742. வரிசை, கொண்டோலா, டீ என்று போன நாலு மணி நேரத்துக்கு 1.5 மெட் வைத்தால் 420. மொத்தம் 1,162. ஆறு மணி நேரத்தையும் 5.3-ஆல் பெருக்கினால் 2,226 வரும், ஏறக்குறைய இரட்டிப்பு. அந்த 1,162-லும், ஆறு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாலே 1 × 70 × 6 = 420 செலவாகியிருக்கும்.

அழகர்மலைக்கும் இதே வழிதான். ஏறுவதற்கு 6.3 மெட், இறங்குவதற்கு 3.3. ஏற ஒரு மணி, இறங்க ஒரு மணி என்றால் 441-ம் 231-ம். இறங்குவதற்குக் கலோரி பாதிதான், ஆனால் மறுநாள் தொடை வலிக்குக் காரணம் அந்த இறக்கம்தான்.

வாட்ச் ஏற்கெனவே கையில் இருந்தால், ஆப்பில் இப்போதைய எடையைப் போடுங்கள். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, நகராதபடி கட்டுங்கள். கொண்டோலாவில் ஏறியதும் பாஸ் (pause) அழுத்துங்கள். பிரஷருக்குப் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவருக்குத் துடிப்பு அவ்வளவாக ஏறாது. அவருக்கு வாட்ச் கலோரியைக் குறைத்துக் காட்டும். நெஞ்சில் கட்டும் பட்டை குளிரிலும் துடிப்பைச் சரியாகப் பிடிக்கும், ஆனால் அதுவும் துடிப்பை வைத்துத்தான் கலோரியை ஊகிக்கிறது.